கிடுகு இறங்கிய நாள்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் கல்முனைக்குடியில் மீராமுகைதீன் வீட்டு வாசலில் நாம் விட்டுவிட்டு வந்த வண்டி, இந்த வாரமும் அங்கேதான் நின்றது. மாட்டை மட்டும் அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். வண்டியில் முப்பத்திரண்டு தகரமும் ஒரு மரப்பெட்டியும் இருந்தன.

தகரம் எதற்கென்று தெருவுக்கே தெரியும். தெரியாதவள் ஒருத்திதான். அவள் அந்த வீட்டுக்குள்ளே இருந்தாள்.

மீராமுகைதீனின் மூத்த மகள் முனவ்வறா. அவளுடைய புருஷன் பளீல் சித்திரை மாதம் மூன்று நாள் காய்ச்சலில் மவுத்தாகிவிட்டான். பிள்ளை இல்லை. அவள் இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது. இன்றைக்குத் தொண்ணூற்றாறாவது நாள்.

இத்தனை நாளில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. சோறு வைத்தால் தின்றாள். வைக்காவிட்டால் கேட்கவில்லை. ஒரு நாள் அவளுடைய தாய் சல்மா உம்மா மறதியாக வெறும் வெந்நீரைத் தேத்தண்ணி என்று கொடுத்துவிட்டாள். முனவ்வறா குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

வீடு அவளுடையது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான், வீடு பெண்ணுக்கு. அவளுடைய நிக்காஹ் அன்றைக்கு இந்த வீட்டை மீராமுகைதீன் சபையில் வைத்து வாயால் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பெண்சாதியையும் இளைய மகள் நதீராவையும் கூட்டிக்கொண்டு பின்வளவில் சமையலுக்கென்று இருந்த குசினி வீட்டுக்குப் போய்விட்டார். உறுதிப் பத்திரம் எழுதுவதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

இப்போது நதீராவுக்குப் பேச்சு முடிந்திருக்கிறது. மாப்பிள்ளை அபூசாலி கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறான். கடையில் அவனுக்குப் பத்து நாள் லீவு. அது முனவ்வறாவின் இத்தா முடிந்த எட்டாம் நாள் தொடங்குகிறது. அந்தப் பத்து நாள் தவறினால் சாய்ந்தமருதில் இன்னொரு பெண்வீடு காத்திருக்கிறது. அபூசாலியின் தாய் இரண்டு சொல்தான் சொல்லியனுப்பினாள். தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீட்டில் தன் மகன் கால் வைக்க மாட்டான். கொழும்புக் காற்றுப் பழகிய பிள்ளை, காத்தாடி இல்லாமல் படுக்கவும் மாட்டான்.

ஆகவே தகரம். ஆகவே அந்த மரப்பெட்டி.

அந்த வீட்டுக் கிடுகுக் கூரை சாமானியமானதல்ல. வெயில் காலத்தில் குளிர்ச்சி, மாரி காலத்தில் கதகதப்பு. அதற்கு எண்ணெயும் வேண்டாம், சாவியும் வேண்டாம். ஆடி மாதம் கச்சான் காற்று நெருப்பாக வீசும் நாட்களில், கடற்கரையில் மீன் வாங்கி வருகிறவர்கள் சந்தைக்குப் போய்த் திரும்பும்வரை அந்த விறாந்தையில் மீனை வைத்துவிட்டுப் போவார்கள். பின்நேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வந்து தூக்கினால், மீன் ஒரு தடவை வாலை அசைக்கும். பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தகரத்தின் குணமும் தெருவுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னர் சந்தையடியில் ஒருவர் தகரம் போட்டார். அன்று பகல் அதில் ஒரு காகம் வந்து இருந்தது. அதற்குப் பிறகு சந்தையடிக் காகங்கள் எல்லாம் ஒற்றைக் காலில்தான் நிற்கின்றன. தகரத்தில் இருக்காத காகங்களும்தான். ஒன்றுக்கொன்று சொல்லியிருக்கும்.

காலையில் பாண்டிருப்பிலிருந்து செல்லத்தம்பி மூன்று ஆட்களோடு வந்தான். கூரை வேலையில் கைகாரன். ஏணியைச் சாய்க்கு முன்னர் மீராமுகைதீன் நாலு லேஞ்சித் துணிகளை நீட்டினார்.

"இது என்னத்துக்கு முதலாளி?"

"கண்ணக் கட்டுறத்துக்கு. உள்ளுக்கு மகள் இத்தாவில இரிக்கா."

செல்லத்தம்பி லேஞ்சியை வாங்கி விரித்துப் பார்த்தான். நல்ல லேஞ்சிதான்.

"கண்ணக் கட்டிக்கிட்டு முகட்டில ஏறினா நான் நேரா அந்த அறைக்குள்ளதான் முதலாளி விழுவன். விழுந்தாக் கண்ணத் துறந்துதான் பாப்பன்."

மீராமுகைதீன் யோசித்தார். அது நியாயமாகத்தான் பட்டது. லேஞ்சிகளை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

கடைசியில் ஏற்பாடு இப்படி ஆனது. வீட்டில் இரண்டே அறை. முன்அறை கூரையின் கிழக்குச் சரிவின் கீழே, உள்அறை மேற்குச் சரிவின் கீழே. நடுச்சுவருக்கு நேர்மேலே முகடு. முதலில் கிழக்குப் பக்கம் கிடுகை இறக்கித் தகரம் போடுவது; அதுவரைக்கும் முனவ்வறா உள்அறையில். பிறகு ஆட்கள் இறங்கித் தெருவுக்குப் போவது. அவள் முன்அறைக்கு மாறுவது. அதன் பிறகு மேற்குப் பக்கம்.

இதில் பிழை வந்துவிடக்கூடாது என்பதற்காக மீராமுகைதீன் விறாந்தையில் ஏறி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இஞ்ச பாருங்க. இத்தாவில இரிக்கிறவ வீட்ட விட்டு வெளிய போகப்படாது. கூர இல்லாத இடம் வீடில்ல. தலைக்கு மேல வானம் தெரிஞ்சா அது வெளிதான். வெளிய போனா இருந்த தொண்ணூத்தாறு நாளும் போச்சு. திரும்ப ஒண்டில இருந்து இருக்கணும். விளங்கினா?"

"விளங்கின முதலாளி" என்றான் செல்லத்தம்பி. எதிர் வீட்டிலும் இரண்டு பேர் விளங்கியது என்றார்கள்.

உள்ளேயிருந்து சல்மா உம்மா கேட்டாள்: "இஞ்சாருங்க, இத எந்தக் கிதாபில கண்ட?"

"நான் சொல்றன்."

"பள்ளி லெப்பைட்ட ஒரு சொல் கேப்பமே."

"லெப்பை வரிப்பத்தான்சேனைக்கு நெல்லுச் சூடடிக்கப் போயிட்டார். வெள்ளிக்கிழம வந்து என்னத்தச் சொல்லுவார்? நான் சொன்னதத்தான் சொல்லுவார்."

மீராமுகைதீன் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார். மரைக்கார் விறாந்தையில் நின்று தெருவுக்குச் சொன்ன சொல்லை உள்ளே போய்த் திருப்பி வாங்கிய வழக்கம் அந்த ஊரில் இல்லை.

வேலை தொடங்கியது. கிடுகுகள் ஒவ்வொன்றாக இறங்கின. உள்அறையில் முனவ்வறா வெள்ளைச் சீலையோடு பாயில் இருந்தாள். பக்கத்தில் சல்மா உம்மா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். மேலே ஆட்கள் நடப்பது கேட்டது.

"மெதுவா இறக்கு" என்று முகட்டிலிருந்து செல்லத்தம்பி சொன்னான். "நல்ல கிடுகெல்லாம் புறம்பா அடுக்கு. பின்னால குசினிச் செவரோட சாய்ச்சு ஒரு சின்னப் பத்தி இறக்கணும். அதுக்குப் போட."

கீழே நின்றவன் கேட்டான்: "பத்தி ஆருக்கண்ண?"

"மூத்தவவுக்குத்தான். இத்தா முடிய அங்கதானே இருக்கப் போறா. இந்த வீடு சின்னவவுக்கு."

சல்மா உம்மா இருமினாள். தேவைக்கு மேலாகவே இருமினாள். மேலே பேச்சு நின்றுவிட்டது.

முனவ்வறா பாயில் ஒரு கோரையைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"உம்மா."

"என்ன மகள்?"

"அவர் சொன்ன மெய்யா?"

"கூரைல இருக்கிறவன் என்னத்தையும் கதைப்பான்."

"மெய்யா, பொய்யா?"

பாக்குவெட்டி ஒரு தடவை மூடித் திறந்தது. அதற்குள் பாக்கு இருக்கவில்லை.

"புறகு வாப்பா ஒனக்கு ஒரு வீடு கட்டித் தருவார்."

"எப்ப?"

"இன்ஷா அல்லாஹ்."

முனவ்வறா தலையாட்டினாள். பிறகு கேட்டாள்:

"பத்திக்கு இந்தக் கிடுகுதானா?"

"ஓம் மகள். நல்ல கிடுகு. குளிர்ச்சியா இரிக்கும்."

"அப்ப சரி" என்றாள் முனவ்வறா.

அவள் அழுதிருந்தால் சல்மா உம்மாவும் அழுதிருப்பாள். அதற்கு அவள் தயாராகத்தான் இருந்தாள். சீலைத் தலைப்பைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். அப்ப சரி என்பதற்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தலைப்பால் பாக்குவெட்டியைத் துடைத்தாள்.

நதீரா தேத்தண்ணியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். வயது பதினேழு. எவ்வளவு நேரமாக நின்றாளோ, தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. சல்மா உம்மா எழும்பி வெளியே போனதும் உள்ளே வந்தாள்.

"ராத்தா, நான் கேக்கல்ல."

"என்னத்த?"

"இந்த வீட்ட."

"ஒன்ட்ட ஆரும் கேட்டா, வேணுமா எண்டு?"

"ஒருத்தரும் கேக்கல்ல."

"மாப்பிள்ளைய?"

"அதயும் கேக்கல்ல."

"என்ட்டயும் ஒண்டும் கேக்கல்ல" என்றாள் முனவ்வறா. தேத்தண்ணியை வாங்கிக் குடித்தாள்.

"ஆறிட்டா ராத்தா?"

"தெரியல."

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்னர் கிழக்குப் பக்கம் தகரம் ஏறிவிட்டது. மீராமுகைதீன் மரப்பெட்டியை முன்அறையில் வைத்து உடைத்தார். உள்ளே இருந்தது மண்ணெண்ணெய்க் காத்தாடி. இங்கினியாகலையில் இருந்து கப்பலேறிப் போன ஒரு துரையின் சாமான்களோடு ஏலத்தில் வந்தது. அதன் வேலை மிகவும் லேசானது. அடியில் விளக்கைக் கொளுத்த வேண்டும். அரை மணித்தியாலம் நெருப்பு மட்டும் எரியும். அறை நன்றாகச் சூடானதும் செட்டை மெல்லச் சுற்றத் தொடங்கும். அந்த நெருப்பில் சூடான மனிசனுக்கு அந்தச் செட்டை காற்று வீசும்.

மீராமுகைதீன் விளக்கைக் கொளுத்திவிட்டு அதன் முன்னால் கதிரை போட்டு இருந்தார். தலைக்கு மேலே புதுத் தகரம் டக், டக் என்று வெடித்தது. சல்மா உம்மா எட்டிப் பார்த்தாள்.

"எப்பிடி இரிக்கி?"

"குளிருது."

"ஓம், காணுது. தாடில இருந்து தண்ணி சொட்டுது."

"அது தொழுகைக்கு ஒழுச் செய்த தண்ணி."

"எப்ப ஒழுச் செய்த நீங்க?"

மீராமுகைதீன் தலையை உயர்த்தி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். தகரத்துக்கும் முகட்டுக்கும் நடுவில், அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு நீல வரி ஓடியது.

"செல்லத்தம்பி!"

"ஓம் முதலாளி, அதத்தான் சொல்ல இருந்த. ஒரு முழம் கட்டை."

"நான் சரியா அளந்துதானே குடுத்த. பன்னிரண்டு முழம்."

"ஆர்ர முழம்?"

மீராமுகைதீன் தன் கையை நீட்டிப் பார்த்தார். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை நீளமான கை. அந்தக் கையால்தான் அவர் கூரையை அளந்தார். மட்டக்களப்புக் கடையில் தகரத்தை அளந்து கொடுத்தவர், ஒரு சின்ன மனிதர், தன்னுடைய கையால் அளந்திருக்கிறார். இரண்டு பேரும் நேர்மையானவர்கள். இரண்டு பேருக்கும் பன்னிரண்டு முழம்தான். இரண்டு கைக்கும் இருந்த வித்தியாசம் பன்னிரண்டு தடவை சேர்ந்து இப்போது முகட்டடியில் வானமாகத் தெரிந்தது.

"முகட்டுத் தகரம் எடுத்துத்தான் மூடணும். வெள்ளிக்கிழமைக்கு முந்தி வராது" என்றான் செல்லத்தம்பி. "சாப்பிட்டு வந்து கிடுகாலயாவது ஒரு மறைப்புப் போட்டுத் தாறன்."

அவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தெருவில் பூவரச மரத்தடிக்குச் சாப்பிடப் போனான்.

அவனுக்குச் சாப்பிட நேரம் இருந்தது, கச்சானுக்கு இருக்கவில்லை. மேற்கேயிருந்து வந்த காற்று, கட்டறுந்து கிடந்த முகட்டடிக்குள் கையை விட்டது. உள்அறைக்கு மேலே இருந்த கிடுகுகள் ஒவ்வொன்றாக எழும்பின. ஒன்று பறந்து போய்க் கடற்கரையில் ஒரு தோணிக்குள் இறங்கியது. தோணிக்காரர் மூன்று நாள் அதைப் பாயாகக் கட்டிக்கொண்டு தொழிலுக்குப் போனார், நல்ல மீன் பட்டது என்பார்கள். அது வேறு கதை. இங்கே சல்மா உம்மா கத்தினாள்.

"இஞ்சாருங்க! இந்தப் பக்கமும் துறக்கப் போகுது! புள்ளைட தலைக்கு மேல வெளிச்சம் வருது!"

"அங்கால கூட்டிப் போ! தகரத்துக்குக் கீழ கூட்டிப் போ!"

"எப்பிடிப் போற? வாசலுக்கு மேல வானம்தானே நிக்கி!"

உண்மைதான். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே வாசல். வாசலைத் தாண்டி முன்அறைக்குள் வைக்கிற முதல் அடிக்கு நேர்மேலே அந்த ஒரு முழம்.

மீராமுகைதீன் நின்று யோசிக்கும் ஆள் அல்ல. உள்அறையில் மறைப்பாகக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை இழுத்து எடுத்தார். "நீ ஒரு பக்கம் பிடி, நதீரா ஒரு பக்கம் பிடிக்கட்டும். தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு வாங்க. ஒரு அடிதானே. துணியும் கூரதான்."

தாயும் மகளும் துணியை உயர்த்திப் பிடித்தார்கள். முனவ்வறா அதன் கீழே வந்து நின்றாள். மீராமுகைதீன் முன்அறையில், காத்தாடிக்குப் பக்கத்தில் நின்று, கைகாட்டி அழைத்தார். அவருடைய சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

"வா மகள். பிஸ்மில்லாச் சொல்லி வா."

முனவ்வறா வாசற்படியைத் தாண்டினாள். ஒரு அடி வைத்தாள். அங்கே நின்றாள்.

"நில்லாத மகள், வா."

அவள் தகப்பனைப் பார்த்தாள். பிறகு துணியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, துணியின் மற்றக் கோடியில் கைகளை உயர்த்திக்கொண்டு நின்ற தங்கச்சியைப் பார்த்தாள்.

நதீராவின் பக்கத்துத் துணி விழுந்தது.

வானம் ஒரு முழ அகலத்தில் இருந்தது. ஒரு மேகமும் இல்லை. முனவ்வறாவின் நெற்றியில் வெயில் நேராக இறங்கியது. தொண்ணூற்றாறு நாளுக்குப் பிறகு பட்ட வெயில். சுடுகிறதா என்று அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த இடத்திலேயே, வெயிலுக்குள்ளே, சப்பணமிட்டு இருந்துகொண்டாள்.

"எழும்பு மகள்! அல்லாவே, எழும்பு!"

"வாப்பா, தலைக்கு மேல என்ன தெரியுது?"

மீராமுகைதீன் அண்ணாந்து பார்த்தார்.

"வானம்தானே?"

"அது... முகட்டு ஓட்ட மகள். ஒரு முழம்."

"வானம் எத்தின முழம் தெரியணும் எண்டு நீங்க காலைல சொல்லல்ல."

காத்தாடியின் செட்டை அப்போதுதான் சுற்றத் தொடங்கியது. வெளியே பூவரச மரத்தடியில் இருந்து, வாய் நிறையச் சோற்றோடு, செல்லத்தம்பியின் குரல் வந்தது.

"முதலாளி, என்ன சத்தம்? வானம் தெரிஞ்சிட்டா?"

எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

மீராமுகைதீன் கதிரையில் இருந்துவிட்டார். அபூசாலியின் லீவு பத்து நாள். அது ஒரு நாளும் கூடாது, ஒரு நாளும் பிந்தாது. இத்தாவில் இருக்கிறவளைப் பத்திக்கு அனுப்பவும் முடியாது. அவள் இருக்கிற வீட்டில் மாப்பிள்ளை இறக்கவும் முடியாது. உள்ளே போய்த் திருப்பி வாங்கலாம் என்றால், சொன்ன சொல் தெருவில் நின்றது. அவர் விரலை மடக்கி எதையோ கூட்டிப் பார்த்தார். பிறகு விரலை விரித்துவிட்டார்.

"நாலு மாதம் பத்து நாள்" என்றாள் முனவ்வறா, வெற்றிலை இருக்கிறதா என்று கேட்கிற குரலில். "இண்டைக்கு ஒண்டு."

"லெப்பை வரட்டும்" என்றார் மீராமுகைதீன்.

"வரட்டும் வாப்பா. நான் இஞ்சதானே இரிக்கிறன்."

அவருக்குக் கோபப்பட ஓர் ஆள் தேவைப்பட்டது. மூத்தவளைப் பார்த்து அது வரவில்லை. இளையவளிடம் திரும்பினார்.

"ஏன்டி துணிய விட்ட?"

நதீரா நிலத்தைப் பார்த்தாள்.

"கை வேர்த்து வழுக்கிட்டு வாப்பா."

அந்தத் தகரத்தின் கீழே அது நம்பக்கூடிய பேச்சுத்தான். மீராமுகைதீன் நனைந்திருந்தார். சல்மா உம்மாவின் கழுத்தில் வேர்வை ஓடியது. அவள் தன் பக்கத்துத் துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து, நதீராவின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

கை காய்ந்திருந்தது.

சல்மா உம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மகளின் கையை மகளிடமே கொடுத்துவிட்டாள்.